நான்கு மொழிகள், ஒரே உடம்பு: பினாங்கில் ஒரு வினைச்சொல் காட்டும் அதிசயங்கள் தெரியுமா?

‘கம்ப்ரைஸ்’. சட்டமும் அரசாணையும் எழுதுகிற ஆங்கிலப் புலமையாளர்களுக்கு மிகவும் பிடித்த வினைச்சொல் இது. ‘இன்னின்னவற்றைத் தன்னுள் கொண்டது’ என்று பொருள். அகராதியில் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் இதன் வேரைப் பிடித்துக்கொண்டு பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருக்களுக்குள் நுழைந்து பாருங்கள்! சிறைச்சாலை வரும், மருதுபாண்டியர் வாரிசு வருவார், சுடச்சுட பாவ் வரும், தாயின் கருப்பை வரும், தைப்பூச வெள்ளித் தேர் வரும், இந்திய அரசமைப்புச் சட்டமே வரும். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகள் அன்றாடம் உரசிக்கொள்ளும் அந்த ஊரைவிட, ‘உள்ளடக்குதல்’ என்ற கருத்தைப் படிக்க நல்ல பள்ளிக்கூடம் உண்டா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘கம்ப்ரைஸ்’ என்ற சொல்லுக்குள் ஒரு கை இருக்கிறது, தெரியுமா?

லத்தீனில் ‘ப்ரெஹெண்டெரே’ என்றால் கையால் பற்றுவது. முன்னால் ‘கொம்’ சேர்ந்தால் எல்லாவற்றையும் ஒருசேரப் பற்றுவது. அது பிரெஞ்சு வழியாகச் சுருங்கி, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் ‘கம்ப்ரைஸ்’ ஆக வந்து சேர்ந்தது. இதன் சொந்தபந்தங்களைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். பிடித்து அடைக்கும் ‘ப்ரிசன்’ இதன் உடன்பிறப்பு. எதிர்பாராமல் வந்து பிடித்துக்கொள்ளும் ‘சர்ப்ரைஸ்’ இன்னொன்று. தொழிலைக் கையில் எடுக்கும் ‘எண்டர்பிரைஸ்’, தொழிலைக் கைப்பழக்கமாகப் பிடிக்கும் ‘அப்ரண்டிஸ்’, கடற்போரில் பிடிபட்ட கப்பலைக் குறிக்கும் ‘ப்ரைஸ்’, இவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இன்னும் ஆழமாகப் போனால், நாம் தினமும் சொல்லும் ‘கெட்’, ‘ஃபர்கெட்’ என்ற சொற்களும் அதே ஆதி வேரில் கிளைத்தவைதான். ஜார்ஜ்டவுனில் ‘எண்டர்பிரைஸ்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய கடை ஒவ்வொன்றும் அந்தப் பழைய ரோமானியக் கையைத்தான் வாசலில் தொங்கவிட்டிருக்கிறது!

அந்தக் கை சிவகங்கைச் சீமையிலிருந்து ஒருவரைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது, தெரியுமா?

1801 அக்டோபர் 24. திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, 1802இல், பாளையக்காரர் போரில் பிடிபட்டவர்களில் 70க்கும் மேற்பட்டோரைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றி நாடு கடத்தியது. அவர்களில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. அவர்கள் அனுப்பப்பட்ட இடத்தின் பெயர், கம்பெனி ஏடுகளில் ‘வேல்ஸ் இளவரசர் தீவு’. இன்றைய பினாங்கு! 1786 ஆகஸ்ட் 11இல் பிரான்சிஸ் லைட் அந்தத் தீவைக் கம்பெனிக்காகக் கைப்பற்றியபோது வைத்த பெயர் அது. அதற்கு மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள். நகரத்துக்கோ மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர். ஒரு தீவை ஆட்சிக்குள் சேர்த்த கையே ஒரு வீரனின் மகனைச் சிறைக்குள்ளும் சேர்த்தது. ‘கம்ப்ரைஸ்’, ‘ப்ரிசன்’ என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள உறவை இதைவிட உறைக்கிற மாதிரி எந்த அகராதியும் சொல்ல முடியாது.

நம் தமிழிலும் அச்சு அசலாக அதே கை இருக்கிறது, தெரியுமா?

‘பினாங்கு மாநிலம் ஒரு தீவையும் ஒரு பெருநிலப் பகுதியையும் கொண்டது’ என்று எழுதுகிறோம். அந்தக் ‘கொண்டது’ எங்கிருந்து வந்தது? ‘கொள்’ என்ற வினையிலிருந்து. கொள் என்றால் எடு, வாங்கு, பிடி. கடைக்காரர் சரக்கு எடுத்தால் கொள்முதல். பாத்திரம் பிடிக்கும் அளவு கொள்ளளவு. மனத்தில் பற்றி நிற்பது கொள்கை. பிறர் பொருளைப் பறித்தால் கொள்ளை. பெண் எடுத்தால் கொள்வினை. வானத்தில் பற்றிக்கொள்வதாக நம்பப்பட்டது கோள்; வடமொழியின் ‘கிரகம்’ என்ற சொல்லுக்கும் பற்றுவது என்பதுதான் வேர்ப்பொருள்! லத்தீன்காரனும் தமிழனும் ஒருவரை ஒருவர் கேட்டா சொல் செய்தார்கள்? இரண்டு இனங்களும் தனித்தனியாக யோசித்து, ‘உள்ளே வைத்திருப்பது’ என்ற கருத்துக்குக் கையைத்தான் தேடிப் போயிருக்கின்றன.

அதோடு முடியவில்லை. ‘கம்ப்ரைஸ்’ வந்த அதே லத்தீன் சொல்லிலிருந்துதான் ‘காம்ப்ரிஹெண்ட்’ வந்தது. பொருள்? புரிந்துகொள்வது. தமிழில் என்ன சொல்கிறோம்? புரிந்து‘கொள்’! ‘இப்போதுதான் விஷயம் பிடிபட்டது’ என்றும் சொல்கிறோமே! பொருளை ஏந்தும் கையே அறிவையும் ஏந்தட்டும் என்று இரண்டு மொழிகளும் ஒரே முடிவுக்கு வந்திருப்பது எவ்வளவு பெரிய வியப்பு!

‘இன்க்ளூட்’ என்றால் கதவைச் சாத்துவது என்று தெரியுமா?

‘உட்பட’ என்ற பொருளில் நாம் தாராளமாகப் புழங்கும் ஆங்கிலச் சொல் ‘இன்க்ளூட்’. லத்தீனில் ‘க்லௌடெரே’ என்றால் மூடுவது. உள்ளே வைத்து மூடினால் ‘இன்க்ளூட்’. வெளியே நிறுத்தி மூடினால் ‘எக்ஸ்க்ளூட்’. கதவு ஒன்றுதான். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதில்தான் வேறுபாடு! ‘க்ளோஸ்’, ‘க்ளாசெட்’, சட்டத்தில் வரும் ‘க்ளாஸ்’ எனும் உட்பிரிவு, பேச்சை முடிக்கும் ‘கன்க்ளூட்’ எல்லாமே இந்தக் கதவின் பிள்ளைகள்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் நின்று பாருங்கள். கடைக்கும் தெருவுக்கும் நடுவே கூரை போட்ட ஒரு நடைபாதை ஓடும். மலாயில் ‘காக்கி லிமா’, ஐந்தடி. கட்டடம் கடைக்காரருடையது, ஆனாலும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். கதவைச் சாத்தாமலே உள்ளே சேர்த்துக்கொள்ளும் கட்டடக் கலை அது!

‘இன்க்ளூட்’, ‘கம்ப்ரைஸ்’ இரண்டும் ஒன்றல்ல என்று தெரியுமா?

இது கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ‘இன்க்ளூட்’ என்றால் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிலவற்றைச் சொல்லி மற்றவற்றை விட்டுவிடலாம். ‘கம்ப்ரைஸ்’ என்றால் அப்படி விட முடியாது. உறுப்புகள் அத்தனையையும் சொல்லியாக வேண்டும். ‘பினாங்கு மாநிலம் பினாங்குத் தீவை உள்ளிட்டது’ என்றால் சரி. ‘பினாங்கு மாநிலம் பினாங்குத் தீவைக் கொண்டது’ என்று நிறுத்தினால் பாதி மாநிலம் போயிற்று! எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையையும் சேர்த்துச் சொன்னால்தான் வாக்கியம் உண்மையாகும். அந்தச் செபராங் பிறை தீவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பு கொண்டது என்பது பலருக்கும் தெரியாத சங்கதி. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து கம்பெனிக்கு வந்த நிலம் அது.

இன்னொரு விதியும் உண்டு. முழுமை முதலில் வரவேண்டும், உறுப்புகள் பின்னால் வரவேண்டும். ‘கம்ப்ரைஸ்டு ஆஃப்’ என்று எழுதினால் இலக்கணப் பற்றாளர்களுக்குப் பொறுக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓர் அமெரிக்கத் தன்னார்வலர் இந்த ஒரே பிழையை மட்டும் தேடித்தேடி, 2015க்குள் 40,000க்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்திருக்கிறார். ஒரே ஒரு சொல்லுக்காக! மொழிமேல் இருக்கும் பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தியாவின் எல்லையை வரையறுப்பதும் இதே சொல்தான், தெரியுமா?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு, மூன்றாம் உட்பிரிவு. இந்திய ஆட்சிப்பரப்பு எவற்றைக் கொண்டது என்று சொல்ல அங்கே கையாளப்பட்டிருக்கும் வினை ‘கம்ப்ரைஸ்’! மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள், இவற்றோடு ‘இனிமேல் பெறப்படக்கூடிய பிற பகுதிகள்’ என்று மூன்றாவதாக ஒரு வரியையும் சேர்த்தார்கள். ஏன்? இந்த வினை பட்டியலை மூடிவிடும். நாளை வரப்போவதற்கு இன்றே இடம் போட்டு வைக்க வேண்டும். அந்த முன்யோசனை வீண்போகவில்லை. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் நடைமுறையில் கைமாறி, 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தது. ஒரு வினைச்சொல்லின் கறார்தனம் அந்தச் சட்டத்தை எழுதியவர்களை எவ்வளவு தூரம் யோசிக்க வைத்திருக்கிறது, பாருங்கள்!

ஒரு காலத்தில் பினாங்கே ‘இந்தியா’வுக்குள் இருந்தது, தெரியுமா?

நம்ப முடிகிறதா? 1805இல் பினாங்கை வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றுக்கு நிகரான நான்காவது மாகாணமாகக் கம்பெனி உயர்த்தியது! பிற்காலத்தில் சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் அந்த ஆண்டில்தான் பினாங்கு அரசு அலுவலராக வந்து இறங்கினார். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. 1867 ஏப்ரல் 1 வரை அவை இந்திய ஆட்சியின் கீழேயே இருந்தன; அன்றுதான் லண்டனின் குடியேற்ற அலுவலகத்துக்கு மாறின. கணக்குப் பாருங்கள்: தொடக்கத்திலிருந்து 80 ஆண்டுகள்! ‘இந்தியா எவற்றைக் கொண்டது’ என்று 1850இல் ஒருவர் முழுப் பட்டியல் எழுதியிருந்தால், அதில் ஜார்ஜ்டவுனையும் சேர்த்திருக்க வேண்டும்.

பட்டியலை எந்த வரிசையில் எழுதுவது என்பதற்காக ஒரு நாடே சட்டத்தைத் திருத்தியது, தெரியுமா?

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு, கூட்டமைப்பின் மாநிலங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. 1963இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்தன. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1976இல் எல்லா மாநிலங்களையும் ஒரே வரிசையில் எழுதினார்கள். பினாங்கு, பேராக், ஜொகூர் இவற்றோடு சபாவும் சரவாக்கும் ஒன்றோடொன்றாக நின்றன. கூட்டமைப்பை உருவாக்கிய பங்காளிகள் என்ற தங்கள் தனி இடம் போய்விட்டதே என்று அவ்விரு மாநிலத்தாரும் மனம் வருந்தினார்கள். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் கூடித் திருத்தம் நிறைவேற்றியது. அது 2022இல் நடப்புக்கு வந்தது. மலாயா மாநிலங்கள் ஒரு பிரிவு, போர்னியோ மாநிலங்கள் இன்னொரு பிரிவு என்று பட்டியல் மீண்டும் பிரிந்தது. ஒரு மாநிலமும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. மாறியது உட்பிரிவும் வரிசையும் மட்டும்தான். உள்ளே இருப்பது ஒரு மதிப்பு. எப்படி உள்ளே இருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய மதிப்பு!

பினாங்குக்கும் அந்த மனத்தாங்கல் இருந்தது. 1948இல் மலாயாக் கூட்டரசுக்குள் சேர்க்கப்பட்டபோது, தங்கள் துறைமுக வாணிபம் என்ன ஆகுமோ என்று அஞ்சிய பினாங்கு வணிகர்கள் பிரிந்துபோகும் இயக்கமே தொடங்கினார்கள். 1949இல் பினாங்கு மன்றத்தில் அந்தத் தீர்மானம் தோற்றது. பினாங்கு உள்ளேயே இருந்தது. 1957 ஜனவரி 1இல், விடுதலைக்கு எட்டு மாதம் முன்னதாக, ஜார்ஜ்டவுன் மாநகர் தகுதி பெற்றது.

மலாய் மொழி இதே கருத்துக்கு இரண்டு கைகளையும் நீட்டுகிறது, தெரியுமா?

உள்ளடக்குவது என்பதற்கு மலாயில் ‘மெராங்குமி’ என்று ஒரு சொல். அடிச்சொல் ‘ராங்கும்’. இரு கைகளாலும் அணைத்து அள்ளுவது என்று பொருள். விறகை மார்போடு அணைத்து எடுத்தால் ஒரு ‘ராங்கும்’! ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு: ‘எம்ப்ரேஸ்’. லத்தீனில் கையைக் குறிக்கும் ‘பிராக்கியும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கைவளையான ‘பிரேஸ்லெட்’ அதன் உறவு. கைகளைக் கோத்தாற்போல முறுக்கிச் சுடும் ‘பிரெட்செல்’ ரொட்டியும் அதன் உறவு!

‘அடங்கியது’ என்பதற்கு இன்னொரு மலாய்ச் சொல் ‘தெர்டிரி’. அடிச்சொல் ‘டிரி’, நிற்பது. ஆங்கிலத்தின் ‘கன்சிஸ்ட்’ எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘சிஸ்தெரே’, நிற்பது! மலேசிய நாடாளுமன்றம் மாமன்னரையும் இரண்டு அவைகளையும் கொண்டது என்று அரசமைப்பின் 44ஆம் உறுப்பு சொல்ல எடுத்துக்கொண்ட வினை இந்தக் ‘கன்சிஸ்ட்’தான். மூன்று உறுப்புகளும் ஒன்றாக எழுந்து நின்றால்தான் நாடாளுமன்றம். ரோமாபுரிக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே எத்தனை கடல்! சிந்தனை மட்டும் ஒன்று.

கருப்பையும் இந்தச் சொற்களுக்குள் இருக்கிறது, தெரியுமா?

இதுதான் உச்சம். மலாயில் ‘மெங்கண்டுங்’ என்றால் கருவுற்றிருப்பது. கடைசியில் ஒரு ‘இ’ சேருங்கள்: ‘மெங்கண்டுங்கி’. தன்னுள் கொண்டிருப்பது! பேரங்காடியில் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும் வரியில் அந்தச் சொல் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்.

பினாங்கில் ‘ஜாவி பெரானாக்கான்’ என்று ஒரு சமூகம் உண்டு. தமிழகக் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்களும் உள்ளூர் மலாய்க் குடும்பங்களும் கலந்த வழிமுறையினர் அவர்களில் பலர். சீன வழிமுறையில் ‘பாபா நோன்யா’ பெரானாக்கான். ‘அனாக்’ என்றால் பிள்ளை. ‘பெரானாக்கான்’ என்றால் மண்ணில் பிறந்த வழிமுறையினர். அதே சொல்லுக்குக் கருப்பை என்றும் பொருள்! இந்த மண் சுமந்து பெற்ற பிள்ளைகள் என்று சமூகத்தின் பெயரே சொல்கிறது.

மலேசிய மேடைகளில் ‘சவுதாரா, சவுதாரி’ என்று விளிப்பார்கள். நம் ‘சகோதரர்’ போலவே வடமொழி வேர். ‘உதரம்’ என்றால் வயிறு. ஒரே வயிற்றில் இருந்தவர்கள்! கூடப் பிறந்தவரை மலாயில் ‘சவுதாரா கண்டுங்’ என்பார்கள். ஒரே உறவைச் சொல்ல ஒரே கருப்பையை இரண்டு முறை சொல்லும் அழகு அது.

காலையில் வாங்கும் பாவுக்குள் அதே கருப்பை ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

ஜார்ஜ்டவுன் கோப்பிக்கடையில் ஆவி பறக்கும் மூங்கில் கூடையைத் திறக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று பாவ். அடியில் ஒட்டிய தாளை உரித்து, நடுவே பிட்டால் உள்ளே இனிப்பான பருப்புப் பூரணமோ, இறைச்சியோ. ‘பாவ்’ என்ற அந்தச் சீனச் சொல்லுக்குச் சுற்றிப் பொதிவது என்று பொருள். ‘உள்ளடக்குவது’ என்பதற்கு மாண்டரின் சொல் ‘பாவ்க்வோ’. அதே பாவ்! பெருநாளுக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் ‘அங் பாவ்’ சிவப்பு உறை. அதே பாவ்! மலேசியாவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லும்போது சொல்வது ‘தாப்பாவ்’. அதுவும் அதே பாவ்!

அந்த எழுத்தின் வடிவம் எதைக் காட்டுகிறது? கி.பி. 100ஆம் ஆண்டு அளவில் சூ ஷென் என்ற அறிஞர் தொகுத்த ‘ஷுவோவென்’ என்ற பழம்பெரும் அகராதி விளக்குகிறது: இன்னும் உருவம் முழுமையாகாத சிசு நடுவில் இருக்க, அதைச் சுற்றிப் பொதிந்த தாயின் வயிறு! மலாய்க்காரர் ‘மெங்கண்டுங்கி’ என்று சொல்லும் இடத்தில், சீனர் அதே கருவைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார். நாமோ ‘கருக்கொண்டாள்’ என்கிறோம். மீண்டும் அந்தக் ‘கொள்’!

‘அடக்கம்’ என்ற ஒரே தமிழ்ச் சொல் எத்தனை வேலை செய்கிறது, தெரியுமா?

உள்ளே இருப்பதும் அடக்கம், பணிவும் அடக்கம். திருக்குறளின் 13ஆம் அதிகாரமே அடக்கமுடைமை. உடலை மண் ஏற்றுக்கொள்வது நல்லடக்கம். வணிகத்தில் சரக்கின் விலையோடு ஏற்றுகூலி, இறக்குகூலி, வரி எல்லாம் சேர்த்துப் போட்டால் அடக்கவிலை. பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தாருக்கும், மார்க்கெட் தெருவைக் ‘கடைத்தெரு’ என்றே அழைத்த தமிழ் வணிகர்களுக்கும் அன்றாடக் கணக்குச் சொற்கள் இவை.

அந்தக் கடைத்தெரு மலாய் மொழிக்குள்ளேயே குடியேறிவிட்டது என்பது இன்னும் பெரிய ஆச்சரியம்! கடை அங்கே ‘கெடாய்’. வணிகத்தில் போடும் முதல் ‘மோடால்’. கப்பல் ‘காப்பால்’. கட்டில் ‘காத்தில்’. பெட்டி ‘பெத்தி’. வாக்குப்பெட்டியை ‘பெத்தி உண்டி’ என்றுதான் சொல்கிறார்கள். மலாய்க்காரர் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப் போடுவது நம் தமிழ்ப் பெட்டிக்குள்!

காலால் நடந்தும் உள்ளடக்கலாம், தெரியுமா?

‘என்கம்பஸ்’ என்ற ஆங்கில வினை, சூழ்ந்து உள்ளடக்குவது. அதன் வேர் லத்தீனின் ‘பாஸ்ஸுஸ்’, காலடி. அடியெடுத்து வைத்து அளந்து சுற்றி வருவது. நாம் ‘வலம் வருவது’ என்போமே, அதற்கு இது எவ்வளவு நெருக்கம்! சூழ்வதால் சூழல், வளைப்பதால் வளாகம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில், பினாங்குத் தெருவில் உள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளித் தேர் புறப்படுகிறது. போகுமிடம் தண்ணீர்மலை அடிவாரம். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். தேர் வரும் சாலையில் தேங்காய்களை மலைமலையாகக் குவித்து வைத்து, தேர் நெருங்கும்போது ஒவ்வொன்றாக ஓங்கி உடைக்கிறார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் எத்தனையோ பேர்! ஓடும் இளநீரில் தார்ச்சாலை நனைந்து மினுங்கும். ஓட்டுச் சில்லுகளைக் கூட்டித் தள்ளித் தேருக்கு வழிவிடுவார்கள். ஊர் முழுவதையும் காலடியால் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் ஊர்வலம் அது.

‘ஃப்ரீ ஸ்கூல்’ என்றால் கட்டணமில்லாப் பள்ளி என்று நினைத்தீர்களா?

1816 அக்டோபர் 21இல் அருட்பணியாளர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் தொடங்கியது பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி. அந்த ‘ஃப்ரீ’ குறிப்பது வேறு: எந்த இனத்துப் பிள்ளையும், எந்தச் சமயத்துப் பிள்ளையும் தடையில்லாமல் உள்ளே வரலாம்! மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும், திரைக்கலைஞர் பி. ரம்லியும் அங்கே படித்தவர்கள்.

அதே நகரில் ஒரே தெருவையொட்டி, நடந்தே பார்த்துவிடும் தூரத்தில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818இல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 2008 ஜூலை 7இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு, பல பண்பாடுகள் உயிரோடு ஒன்றாய் வாழ்வது ஒரு முக்கியக் காரணம். ஜார்ஜ்டவுனில் 109.38 ஹெக்டேர் மையப்பகுதி. சுற்றிக் காப்புப் பகுதியாக 150.04 ஹெக்டேர்.

‘மற்றவர்கள்’ என்ற கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள், தெரியுமா?

மலேசியப் படிவங்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று வரிசையாக வந்து, கடைசியில் ‘லாயின் லாயின்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘மற்றவர்கள்’. பினாங்கில் அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள்! 1803இல் பர்மியர் தொடங்கிய தம்மிகாராமா விகாரை. அதற்கு எதிரே சயாமியர் விகாரை. அர்மீனியர் பெயரில் ஒரு தெரு; 1885இல் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டலை நிறுவிய சார்க்கீஸ் சகோதரர்கள் அர்மீனியர்கள்தான். ஆச்சே நாட்டவர் பெயரில் இன்னொரு தெரு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து யூதர்களுக்கென்று ஓர் இடுகாடு. புலாவ் திக்குசில் யுரேசியர்கள். இத்தனை பேரையும் ‘முதலியோர்’ என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம்! ‘இன்க்ளூட்’ அதை அனுமதிக்கும். ‘கம்ப்ரைஸ்’ அனுமதிக்காது. ஒவ்வொரு பெயரையும் சொல் என்று அது வற்புறுத்தும். இந்தப் பழைய வினைச்சொல்லின் கண்டிப்பு ஒரு நியாயம், ஓர் அறம்.

இனி நீங்கள் ஊர் வரலாறு எழுதினாலும், சங்கத்தின் ஆண்டறிக்கை எழுதினாலும், திருமண அழைப்பிதழில் உறவுகளை அடுக்கினாலும், ‘இவர்களைக் கொண்டது’ என்று எழுதும் முன் ஒரு நிமிடம் பட்டியலைச் சரிபாருங்கள். யாரையாவது விட்டிருந்தால் சேருங்கள். சேர்க்க இடமில்லை என்றால் ‘உள்ளிட்ட’ என்று நேர்மையாக எழுதுங்கள். ‘முதலியோர்’ என்று முடிக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும், அந்தச் சொல்லுக்குள் அடைபட்டவர்களின் பெயர்களைக் கேட்டறிந்து எழுதிவிடுங்கள். கொள்வது என்றால் முழுதாகக் கொள்வதுதான்!